நான்காவது மாடி வேண்டாம், ஃபிரிட்ஜில் ஓர் ஓரம் வேண்டும்

நோயோடு கல்லூரி விடுதிக்குப் போகும் மலையடிவாரத்துப் பிள்ளைகள் எதை, யாரிடம், எப்படிக் கேட்டு வாங்குவது?

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஜீப் ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று முகத்தில் அறையும். முந்தல் சோதனைச்சாவடி வரும்போது அதே ஜன்னல் வழியாக அனல் உள்ளே வரும். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு ஸ்வெட்டரைக் கழற்றுவதோடு இந்த மாற்றம் முடிந்துவிடுகிறது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பதினெட்டு வயதுப் பெண் கல்லூரியில் சேர இதே சாலையில் இறங்குகிறாள் என்றால், அவளுக்கு இது பெரிய விஷயம்.

பிரிக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கியதை, 25, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். மலைமேல் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் லயத்து வீட்டு அலமாரியே வருஷத்தில் பெரும்பகுதி, பிரித்த இன்சுலினுக்கு வேண்டிய குளிர்ச்சியைத் தந்துவிடும். மதுரையிலோ திருச்சியிலோ, மொட்டைமாடி வெயிலை நேராக வாங்கும் மேல்மாடி விடுதி அறையில் அது நடக்காது. சூட்டில் வீரியம் போன இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பிள்ளை அளவு பார்த்துத்தான் ஊசி போட்டிருப்பாள், சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஊருக்கு வந்ததும் டாக்டர் கேட்பார்: “ஹாஸ்டல்ல போய் என்னத்தம்மா சாப்பிட்ட?”

விடுதியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இல்லை. மெஸ் சமையலறையில் ஒன்று இருக்கும், வார்டன் அறையில் ஒன்று இருக்கும். இரண்டுமே இரவு பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கதவை ஒரு மாணவிக்காகத் திறந்துவைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க முடியுமா? கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

போடி வட்டாரத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் மலையை நம்பிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள். விடியும் முன்பே தோட்டத்து ஜீப்புகள் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கிளம்பிவிடுகின்றன. எல்லை தாண்டி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் குனிந்தபடியே காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிறார்கள் பெண்கள். காய் எடுப்பு சூடுபிடிப்பது ஆடிக்கு மேல்தான். கல்லூரிச் சேர்க்கையோ அதற்கு முன்பே, கையில் காசில்லாத ஜூன், ஜூலையில் வருகிறது. ஊருக்குள்ளேயே ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. 2012-ல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காதவர்கள் மதுரை, கோவை, சென்னை என்று பெட்டியோடு கிளம்புகிறார்கள். 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடி ரயில் வருகிறது, சென்னைக்கு நேர் வண்டியே இருக்கிறது. வெளியூர்ப் படிப்பு முன்னைப்போல் மலைப்பாக இல்லை.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அருமையான திட்டம். ஆனால் இந்த வீடுகளில் அது ஒரு கூச்சத்தையும் கொண்டுவந்திருக்கிறது. “சும்மா குடுக்குறாங்க, அதுல போயி அது வேணும் இது வேணும்னு கேக்குறதா?” என்கிறார்கள் தாய்மார்கள். விடுதி விண்ணப்பத்தில் ‘ஏதேனும் நோய் உண்டா?’ என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதவைப்பதில் பெரும்பங்கு இந்தக் கூச்சத்துக்கு. மீதி, பயத்துக்கு.

அந்தப் பயம் எப்படிப் பேசும் என்பதை நான் எங்கள் வீட்டிலேயே கேட்டேன். போடியில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதினோரு வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் நோய் இது. இனிப்பு தின்றதால் வருவதில்லை, மாத்திரையால் சரியாவதும் இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் உயிர் தங்காது. அவளுக்கு மதுரைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதி விண்ணப்பத்தை விரித்துவைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தோம். நான் பேனாவைத் திறந்ததும் அக்கா கையைப் பிடித்தாள்.

“சுகர்னு எழுதிக் குடுத்து, சீட்டே இல்லன்னுட்டாங்கன்னா? நாளைக்கு இவளக் கட்டிக்குடுக்க வேணாமா? போடி என்ன பெரிய ஊரா? ஒருத்தர் காதுல விழுந்தா பஜார் பூரா தெரிஞ்சிரும்.”

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர், காலை மூன்றரைக்கு எழுந்த அசதியில் சுவரில் சாய்ந்திருந்தார். பதில் சொன்னது அந்தப் பெண்தான்.

“ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு லோ ஆகி மயங்கி விழுந்தா மட்டும் யாருக்கும் தெரியாதா?” அப்புறம் என் பக்கம் திரும்பி, “எழுதுங்க சித்தி. ஆனா பாவம்னு தோணுற மாதிரி எழுதாதீங்க” என்றாள்.

நான் படித்த எந்த வழிகாட்டியிலும் இதைவிடத் தெளிவான அறிவுரை இல்லை. உதவி கேட்கும் நம் கடிதங்கள் பெரும்பாலும் குடும்பக் கஷ்டத்தில் தொடங்கி, ‘கருணை கூர்ந்து’ என்று நடுவில் கும்பிட்டு, என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடும். படிக்கிற முதல்வருக்கு மனம் இளகலாம். ஆனால் எந்த அறையை மாற்றச் சொல்லி உத்தரவு போடுவது என்று அவருக்குத் தெரியாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

நோயின் பெயர் ஒரு வரி போதும். மீதியெல்லாம் கட்டடத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் இருக்க வேண்டும். அன்று நாங்கள் எழுதியதன் சாரம் இதுதான்:

‘எனக்கு முதல் வகை நீரிழிவு உள்ளது. ஒரு நாளைக்கு நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், நானே போட்டுக்கொள்வேன். விடுதியில் எனக்குத் தேவைப்படுபவை: இன்சுலின் வைக்க, இரவிலும் திறக்கக்கூடிய ஒரு ஃபிரிட்ஜில் சிறு டப்பா அளவு இடம். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் மயக்கம் வரும் என்பதால் மெஸ் வரிசையில் முன்னுரிமை. அறையில் குளுக்கோஸ், பிஸ்கட், பழம் வைத்துக்கொள்ள அனுமதி. பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பாவும், அதை அப்புறப்படுத்த ஓர் ஏற்பாடும். தனி அறை வேண்டாம். என் நிலை தெரிந்த ஒரு தோழியாவது உடனிருக்கும்படி அறை ஒதுக்க வேண்டும். கீழ்த்தளமோ முதல் மாடியோ போதும்.’

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. மெஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தட்டோடு நின்றால் சர்க்கரை கீழே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ் தாமதமாகத் திறக்கும் விடுதிகள் நிறைய உண்டு. பழக்கத்தில் ஏழரைக்கே ஊசி போட்டுவிட்ட பிள்ளைக்கு ஒன்பது மணி இட்லி ஆபத்து. உணவுப் பட்டியலைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, பட்டியலைவிட மணிக்கணக்குதான் இந்தப் பிள்ளைகளை அதிகம் படுத்துகிறது.

ஊசி டப்பாவுக்கும் காரணம் இருக்கிறது. துப்புரவுப் பணியாளரின் கையில் ஊசி குத்தக் கூடாது என்பது முதலாவது. இன்னொன்றைப் பெற்றோர் யோசிப்பதில்லை: முன்னறிவிப்பு இல்லாத பெட்டிச் சோதனையில் ஒரு மாணவனின் டிரங்குப் பெட்டியில் சிரிஞ்சுகள் கிடைத்தால், விடுதி நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது போதைப்பொருளாகத்தான் இருக்கும். அலுவலகக் கோப்பில் கடிதம் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது டாக்டர் கடிதம். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். ‘முதல் வகை நீரிழிவு, இன்சுலின் சிகிச்சையில் உள்ளார்’ என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் கேட்க முடியாது. என்னென்ன வசதி வேண்டும் என்பதை நாமே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், “டாக்டர், இதெல்லாம் மருத்துவரீதியா தேவைன்னு எழுதித் தர முடியுமா?” என்று கேட்பதுதான் வழி. கேட்டால் தருகிறார்கள். நீரிழிவுப் பிரிவு, நரம்பியல் பிரிவு போன்ற சிறப்புப் பிரிவில் தொடர்ந்து பார்க்கும் டாக்டராக இருந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். போடிக்காரர்களுக்குப் பக்கத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது.

கடிதத்தை எப்போது கொடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறை ஒதுக்கி, பெட்டியை ஏற்றி, கட்டிலுக்குக் கீழே வாளியை வைத்த பிறகு போய்க் கேட்டால், இன்னொரு பிள்ளையை எழுப்பித்தான் இடம் கொடுக்க வேண்டும். வார்டன் எரிச்சல்படுவார். சேர்க்கைக் கட்டணம் கட்டுகிற அன்றே முதல்வர் பெயருக்கு எழுதி, விடுதிக் காப்பாளருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். நம் கையிலிருக்கும் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து, தேதி, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பலாம், கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். “அதெல்லாம் பாத்துக்குவோம்மா, நீங்க கவலப்படாதீங்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். டிசம்பரில் அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

வலிப்பு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமை

வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு அடுக்குக் கட்டிலின் மேல் தட்டு கூடாது. கீழ்க் கட்டில், அல்லது தரையில் மெத்தை. குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தூக்கம் கெடுவது பலருக்கு வலிப்பைத் தூண்டும். எனவே விடிய விடிய விளக்கெரியும் அறையில் போடாமல், நேரத்தோடு விளக்கணைக்கும் அறைத்தோழர்களோடு வைப்பதும் மருத்துவத் தேவைதான். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால் பயனே இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்ட அனுமதி கேட்கலாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்க வேண்டியவை வேறு: சமையலறைப் புகைபோக்கிக்கும் குப்பை எரிக்கும் இடத்துக்கும் தள்ளி ஓர் அறை, சுவரில் ஈரமும் பூசணமும் இல்லாத அறை. விடுதிகளில் மின்சாதனங்களுக்குத் தடை இருக்கும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டியோடு சேர்த்து நெபுலைசரையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். ‘மருத்துவக் கருவி, அனுமதிக்கப்பட்டது’ என்ற எழுத்துபூர்வ உத்தரவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

ஹீமோஃபிலியா உள்ள மாணவனுக்கு அவனுடைய உறைகாரணி மருந்தை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். மூட்டில் ரத்தக்கசிவு வந்த நாட்களில் மாடி ஏறவே முடியாது, குந்தி எழும் இந்தியக் கழிப்பறையும் ஆகாது. மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். வெஸ்டர்ன் கழிப்பறை வேண்டும் என்று கேட்கப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். கடிதம் எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் அந்த வெட்கத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மருத்துவக் காரணத்துக்காக மாணவர்கள் கேட்பவற்றில் தனி அறை முக்கியமானது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது தேவையில்லை என்பதோடு, ஆபத்தாகவும் முடியலாம். நள்ளிரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருப்பது பெரிய பாதுகாப்பு. இந்த விஷயத்தில் ஆறு பேர் படுக்கும் நம் நெருக்கடி அறைகளுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஏழாக இருந்த பட்டியல் இதில் 21 ஆனது. ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், நாள்பட்ட நரம்பியல் நோய்கள், மனநோய் எல்லாம் உள்ளே வந்தன. சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில், கட்டடமும் வளாகமும் வசதிகளும் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும், அவரவர் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. தனியார் கல்லூரியும் அங்கீகாரம் பெற்றுத்தான் நடக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகை நீரிழிவும் ஆஸ்துமாவும் அந்த 21-ல் இல்லை. பட்டியலில் உள்ள நோய்க்கும் குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் இடஒதுக்கீடு போன்ற சலுகைகள். ‘உங்கள் மகளுக்குச் சான்றிதழ் இல்லையே’ என்று அலுவலகம் சொல்வது இந்த 40-ஐ வைத்துத்தான். இதற்கு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று ஒரு பதில் சொல்லியிருக்கிறது. விகாஷ் குமார் என்பவர் குடிமைப்பணித் தேர்வெழுத விண்ணப்பித்தவர். எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் நரம்புக் கோளாறு அவருக்கு. எழுத்தர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார், 40 சதவீத வரையறைக்குள் வரவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த மறுப்பை ஏற்கவில்லை. நியாயமான வசதி கேட்கும் உரிமை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, நீண்டகாலக் குறைபாடும் சூழலில் உள்ள தடையும் சேர்ந்து ஒருவரைப் பின்னுக்குத் தள்ளினால் அவருக்கும் உண்டு என்றது. நான்காவது மாடி ஒரு தடை. பூட்டிய ஃபிரிட்ஜும் தடைதான். பட்டியலில் இல்லாத நோய்க்காகக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு வரியில் குறிப்பிடலாம். நீதிமன்றம் வரை போனால் வாதாட வேண்டியிருக்கும். கடிதத்தைப் படிக்கும் அலுவலகத்துக்கு, இந்தக் குடும்பம் விவரம் தெரிந்தது என்று புரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விடுதி இடத்துக்காகவே ஒரு வழக்கு டெல்லியில் நடந்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முதுகலைப் படிப்பில் சேர்ந்த, முற்றிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இரண்டாவது முறை அதே நிலைப் படிப்பில் சேர்வோருக்கு விடுதி கிடையாது என்பது விதி என்றது பல்கலைக்கழகம். 2024-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஹரி சங்கர், மற்ற மாணவர்களுக்குப் போட்ட விதியை அப்படியே இவர் மீது பொருத்த முடியாது என்று சொல்லி, கட்டணமில்லாமல் அவருக்கு விடுதி இடம் கொடுக்க உத்தரவிட்டார். அறை என்பது படிப்புக்கு வெளியே உள்ள சலுகை என்ற நினைப்பில் அந்தத் தீர்ப்பு ஓட்டை போட்டது.

இதற்கெல்லாம் அறுபது ஆண்டு முன்பே கலிபோர்னியாவில் ஒருவர் அறை கேட்டுப் போராடியிருக்கிறார். எட் ராபர்ட்ஸ். பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே அநேகமாக எல்லாம் செயலிழந்தது. இரவில் ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய உருளைக்குள் படுத்தால்தான் மூச்சு. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர வந்தார். சுமார் 360 கிலோ எடையுள்ள அந்த இயந்திரத்தைத் தாங்கும் தளம் எந்த விடுதியிலும் இல்லை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட அதுவே போதும். மாணவர் சுகாதாரப் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் ஒருவர் மாற்று வழி சொன்னார்: வளாகத்திலேயே கவல் மருத்துவமனை இருக்கிறது, அதில் ஒரு பகுதியை விடுதி அறையாகக் கொடுத்துவிடலாம். கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். 1972-ல் அவர்கள் தொடங்கிய சுதந்திர வாழ்வு மையம் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய ஒரு நாட்டின் சிந்தனையையே திருப்பியது. முன்பு சேர்க்கவே தயங்கிய அதே மாநிலத்தின் மறுவாழ்வுத் துறைக்கு ராபர்ட்ஸ் 1975-ல் இயக்குநரானார். இன்று அங்கே சேரும் மாணவர்கள் வகுப்பு தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே இதற்கென உள்ள அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிடுகிறார்கள். நம் கல்லூரிகளில் அப்படி ஓர் அலுவலகம் இல்லாத இடத்தில், முதல்வரின் மேசைதான் அந்த அலுவலகம்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சட்டப் பட்டியலில் உள்ள குறைபாடு என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். முத்திரை போட்ட அந்த நகலின் அருமை இங்கேதான் தெரியும்.

அரசு விடுதிகளின் கதை வேறு. தேனி மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நல விடுதிகள், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள், கள்ளர் சீரமைப்பு விடுதிகள் என்று பல உண்டு. தமிழ்நாடு அரசின் நலத்துறை விடுதிகளுக்கு 2025-ல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாறியது. இவற்றில் பல இடங்களில் அறை என்று தனியாக எதுவும் கிடையாது. நீளமான கூடம், வரிசையாகப் பெட்டிகள், பாய்கள். எந்த மாடி என்று கேட்க அங்கே வழியில்லை. கேட்கக்கூடியவை: கழிப்பறைக்கு அருகில் ஒரு மூலை, காப்பாளர் அறை ஃபிரிட்ஜில் இடம், கூடத்துச் சுவரில் அவசர எண்களோடு ஒரு தாள். ஃபிரிட்ஜே இல்லாத விடுதியும் உண்டு. அங்கே ஈரமணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, அதில் மருந்தை வைக்கலாம். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெயிலிலிருந்து காக்கும். விடுதிகளுக்குப் புதுப்பெயர் வைத்த அரசு, நலத்துறை விடுதி ஒவ்வொன்றுக்கும் மருந்துக்கென்று ஒரு சிறிய ஃபிரிட்ஜ் வாங்கித் தரலாம். பெரிய செலவு இல்லை. இதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

யாருக்கெல்லாம் சொல்வது என்பது பிள்ளை முடிவெடுக்க வேண்டிய விஷயம். முதல்வருக்கும் காப்பாளருக்கும் தெரிவது வேறு, அறிவிப்புப் பலகைக்குத் தெரிவது வேறு. ‘இந்த விவரத்தை நிர்வாகத் தேவைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்’ என்று கடிதத்திலேயே எழுதலாம். சில நோய்களைச் சொல்லவே வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் மாணவரை அதற்காகச் சேர்க்க மறுப்பதையும் இருப்பிடம் மறுப்பதையும், சொல்லும்படி கட்டாயப்படுத்துவதையும் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடுக்கிறது. முழுச் சிகிச்சையில் இருந்து, பிறருக்குத் தொற்றாது என்று டாக்டர் சான்று தந்த காசநோயாளி மாணவரை விடுதியை விட்டு அனுப்ப மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் அறைத்தோழிக்குத் தெரிய வேண்டும். என் அக்கா மகள் போன முதல் இரவே தன் அறையில் இருந்தவர்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள்: எனக்குக் கை நடுங்கி, வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் போட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டி, “எனக்கும் ஒண்ணு இருக்கு, யார்கிட்டயும் சொல்லல” என்றாளாம். அடுத்த வாரம் அவளுக்கும் ஒரு கடிதம் போயிற்று.

கல்லூரி எங்கள் மகளுக்கு முதல் மாடியில் அறை கொடுத்தது, மெஸ்ஸில் முன்னால் விட்டது. ஃபிரிட்ஜ் மட்டும் இழுத்தது. வார்டன் அறைச் சாவி இரவு யாரிடம் இருக்கும் என்பதில் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். கடித நகலோடு அத்தான் ஒரு நாள் ஜீப்புக்கு லீவு போட்டுவிட்டு நேரில் போனார். அலுவலகத்தில் அதிகம் பேசவில்லை, நகலை மேசைமேல் வைத்தார். இரவுக் காவலர் அம்மாவிடம் மாற்றுச் சாவி ஒன்று கொடுக்கப்பட்டது.

விடுதி அறைகள் வருஷா வருஷம் புதிதாக ஒதுக்கப்படுகின்றன. முதலாண்டில் வாங்கிய வசதி இரண்டாமாண்டுக்குத் தானாக வருவதில்லை, மறுபடி எழுத வேண்டும். இந்த முறை அக்கா யார் கையையும் பிடிக்கவில்லை, நானும் போகவில்லை. மகளே எழுதி, தானே முத்திரை வாங்கி, படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். பழைய கடிதத்தில் இல்லாத ஒரு வரி அதில் இருந்தது: ‘காப்பாளரோ இரவுக் காவலரோ மாறினால், இந்தக் கடிதத்தின் நகலைப் புதியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’